மருந்து மாறிப்போறது ஏன்? வார்டுக்குள்ள இருந்து ஒரு விளக்கம்

நைட் ஷிஃப்ட், மணி ஒன்பது ஆயிடுச்சு, மெடிக்கல் வார்டுல கட்டில் எல்லாம் ஃபுல்லு, தோள்ல மெரூன் பட்டை போட்ட ரெஜிஸ்டர்டு சிஸ்டர் அன்னைக்கு நான் ஒருத்திதான், கூட ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ரெண்டு உதவி நர்ஸ். கையில இன்சுலின் ஊசி. ஜன்னல் ஓரமா படுத்திருந்த ஆயாகிட்ட போயி "மிஸஸ் கவெண்டர்தானே?"ன்னு கேட்டேன், "ஆமாம்மா"ன்னாங்க. போர்வைய விலக்கி வயித்துல ஸ்வாப் வச்சு தொடச்சிட்டேன். அப்பதான் ஆயா என்னைப் பார்த்து, "எனக்கு ஷுகர் இல்லியேம்மா, பிரஷர் மட்டுந்தானே"ன்னு மெதுவா சொன்னாங்க.

அடுத்த கட்டில்ல இருந்தவங்களும் மிஸஸ் கவெண்டர்தான். ரெண்டு பேருக்கும் எழுபதுக்கு மேல வயசு, ரெண்டு பேரும் ஒல்லியான உடம்பு, நரைச்ச கொண்டை. பேரு எழுதின பட்டை ஸ்வெட்டர் கைக்குள்ள மறைஞ்சிருந்துச்சு, நான் அதை இழுத்துப் பார்க்கல. இன்சுலின் உள்ள போகல, ஆயாவுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா போயிருந்தா, சுகரே இல்லாத வயசானவங்களுக்கு ராத்திரி நேரத்துல இன்சுலின் போட்டா தூக்கத்துலயே சுகர் இறங்கிடும், வேர்க்குறதும் உளர்றதும் தூக்கம்னு நெனச்சு யாருக்கும் தெரியாமப் போயிடும், காலைல எழுப்ப முடியாது.

கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்கு வந்து 14 வருஷம் ஆச்சு, அதுக்கு முன்னாடி ஊர்ல அஞ்சு வருஷம் நர்ஸ் வேலை பார்த்திருக்கேன், ரெண்டு ஊர்லயும் மருந்து தப்புக்கு எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணேதான், "கவனமா இருக்கணும்". அன்னைக்கு நான் கவனமாத்தான் இருந்தேன். டோஸ் சரி, ஊசி சரி, நேரம் சரி, என்ன இன்சுலின்னு ரெண்டு தடவை பார்த்தேன். தப்பு வந்தது நான் கேட்ட கேள்வியில. பேரை நானே சொல்லி "தானே?"ன்னு கேட்டா, காது கொஞ்சம் மந்தமானவங்க, பாதித் தூக்கத்துல இருக்கிறவங்க, சிஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனைக்கிறவங்க எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. ஜூலு பேசற கோகோவும், அதாவது அவங்க பாட்டிங்களும், அப்படித்தான், "யெபோ"ன்னு தலையாட்டிடுவாங்க. "உங்க முழுப் பேரு சொல்லுங்க, பொறந்த தேதி சொல்லுங்க"ன்னு கேட்டு, அவங்க வாயால வந்ததை பட்டையோடயும் மருந்து எழுதின சார்ட்டோடயும் ஒத்துப் பார்க்கணும். படுக்கை நம்பர் அடையாளம் கிடையாது, ஏன்னா மத்தியானமே கட்டிலை மாத்தியிருப்பாங்க.

நம்ம பேரு விஷயம் இங்க தனிக் கதை. 1860 நவம்பர் 16-ம் தேதி மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல் டர்பன்ல வந்து நின்னப்புறம் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்களோட சாதிப் பட்டமெல்லாம் காகிதத்துல ஏறி அப்படியே குடும்பப் பேரா நின்னுடுச்சு, நாயுடு, பிள்ளை, ரெட்டி, செட்டி, நாயக்கர், மூட்லி (முதலியார்), படையாச்சி, நம்ம கவுண்டர் இங்க கவெண்டர். ஒரு கைப்பிடி பேருக்குள்ள லட்சக்கணக்கான ஆளுங்க. டர்பன்ல நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துல எந்த வார்டுல நின்னு "மிஸஸ் நாயுடு"ன்னு கூப்பிட்டாலும் ரெண்டு தலை திரும்பும். ஜூலு பக்கத்துல ட்லாமினி, ம்கீஸேக்கும் இதே கதைதான். அதனால எங்க ஊர்ல "சரியான ஆளு"ங்கிற ஒரு செக், வேற ஊரைவிட பத்து மடங்கு முக்கியம்னு நான் நெனைக்கிறேன்.

நர்ஸிங் படிச்ச எல்லாருக்கும் அந்த அஞ்சு "சரி" மனப்பாடம், சரியான ஆளு, சரியான மருந்து, சரியான டோஸ், சரியான வழி, சரியான நேரம், அப்புறம் எழுதி வைக்கிறதையும் காரணத்தையும் சேர்த்து ஆறு ஏழுன்னு நீட்டிக்கிட்டே போறாங்க. இது வேணாம்னு சொல்லல, ஆனா அது போய்ச் சேர வேண்டிய ஊரைத்தான் சொல்லுது, வழியச் சொல்லலை. சரியான மருந்துன்னு சொன்னா போதாது, ரெண்டு மருந்து ஒரே மாதிரி பாட்டில்ல, ஒரே தட்டுல, மங்கின லைட்டுக்கு கீழ இருக்கிறப்ப அதை எப்படி சரியா எடுக்கிறதுன்னு யோசிக்கணும்.

எங்க தப்பு வருதுன்னு பார்க்கலாம். 1995-ல அமெரிக்காவுல பாஸ்டன் ஆஸ்பத்திரிகள்ல செஞ்ச ஒரு ஆய்வு இன்னைக்கும் எல்லாரும் சொல்றது, அதுல டாக்டர் எழுதுற இடத்துல 39%, நர்ஸ் கொடுக்கிற இடத்துல 38% தப்பு, மீதி டாக்டர் எழுதினதைப் பார்த்துத் திருப்பி எழுதுறப்பவும் ஃபார்மஸியிலயும். இதுல என்னை உலுக்கினது அடுத்த கணக்கு, டாக்டர் எழுதினப்ப வந்த தப்புல கிட்டத்தட்ட பாதிய ஃபார்மஸிஸ்டோ நர்ஸோ நடுவுல பிடிச்சிட்டாங்க, நர்ஸ் கையில வந்த தப்புல பிடிபட்டது வெறும் 2%. காரணம் சுலபம், எங்களுக்குப் பின்னாடி யாரும் இல்ல. டாக்டருக்கு பின்னாடி ஃபார்மஸி, ஃபார்மஸிக்கு பின்னாடி நர்ஸ், நர்ஸுக்கு பின்னாடி பேஷண்டோட ரத்தக்குழாய். எனக்கு அன்னைக்கு பின்னாடி நின்னது அந்த ஆயா மட்டுந்தான், அவங்க முழிச்சிருந்தாங்க, பேசினாங்க, அதனால தப்பிச்சோம்.

இப்ப கொஞ்சம் பொருளுங்களைப் பத்திப் பேசுவோம், ஏன்னா பாதி ஆபத்து அங்கதான் உட்கார்ந்திருக்கு. பொட்டாசியம் குளோரைடு 15% ஆம்பியூல், அதாவது சின்ன மருந்துக் குப்பி, 10 மில்லி, உள்ள 20 மில்லிமோல் (இந்த உப்பை அளக்கிற அலகு) பொட்டாசியம். பக்கத்துல ஊசி மருந்து கலக்குற ஸ்டெரைல் வாட்டர் ஆம்பியூல் 10 மில்லி. ரெண்டும் சின்ன பிளாஸ்டிக், ரெண்டும் தண்ணி மாதிரி தெளிவு. வாட்டர்னு நெனச்சு பொட்டாசியத்தை எடுத்து ஆன்டிபயாட்டிக்கைக் கலக்கி நேரா நரம்புல தள்ளினா இதயம் நின்னுடும், திரும்பக் கூட்டிட்டு வர்றது ரொம்பக் கஷ்டம். அது எப்பவும் பெரிய பை டிரிப்ல கலந்து, சாதாரண வார்டுல பொதுவா ஒரு மணி நேரத்துக்கு 10 மில்லிமோலுக்கு மேல போகாம, மெதுவாத்தான் ஏறணும். இதுக்கு உலகம் கண்டுபிடிச்ச தீர்வு "நர்ஸ் லேபிளை நல்லா படி"ங்கிறது இல்ல, அந்த கெட்டி ஆம்பியூலை சாதாரண வார்டு அலமாரியில இருந்தே எடுத்துடறது, வேணும்னா ஃபார்மஸியில இருந்து கலந்த பையாவே வரவைக்கிறது, ஐசியூ மாதிரி இடத்துல வச்சே ஆகணும்னா தனியா பூட்டி வைக்கிறது. அலமாரியில இல்லாத ஆம்பியூலை எவ்வளவு களைச்ச கையும் தப்பா எடுக்க முடியாது.

ரத்தம் உறையாம தடுக்கிற ஹெபரின்லயும் இதே கதை. 2006-ல அமெரிக்காவுல இண்டியானாபொலிஸ்ல குறைமாசக் குழந்தைங்க வார்டுல, டிரிப் குழாய் அடைக்காம கழுவுற 10 யூனிட் ஹெபரினுக்குப் பதிலா 10,000 யூனிட் குப்பிய யாரோ மருந்து அலமாரியில அடுக்கி வச்சிட்டாங்க, ஒவ்வொரு நர்ஸா வந்து எப்பவும் எடுக்கிற அதே இடத்துல இருந்து எடுத்தாங்க, 6 குழந்தைக்குப் போச்சு, 3 குழந்தை செத்துப் போச்சு. ஒருத்தர் கவனம் தப்பினாங்கன்னு சொல்லலாம், ஆனா வேற வேற நர்ஸுங்க அடுத்தடுத்து அதே தப்பைப் பண்ணினா தப்பு கண்ணுல இல்ல, அந்த டிராயர்லதான் இருக்கு. கண்ணு லேபிளைப் படிக்கிறதுக்கு முன்னாடியே மனசு "இங்க இருக்கிறது இதுதான்"னு முடிவு பண்ணிடும்.

இன்சுலின்ல ஆக்ட்ராபிட், ஆக்ட்ராஃபேன்னு ரெண்டு இங்க ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கு. முதலாவது சீக்கிரம் வேலை செய்யறது, ரெண்டாவது சீக்கிரமும் மெதுவும் கலந்தது. போன்ல சத்தத்துக்கு நடுவுல கேட்டா ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் கேக்கும். அதோட டாக்டர் யூனிட்டுக்கு சுருக்கமா ஒரு ஆங்கில "யூ" எழுத்தைப் போட்டா, அவசரத்துல அது பூஜ்யமாத் தெரியும், 10 யூனிட் 100 ஆயிடும். அதனாலதான் யூனிட்ங்கிற வார்த்தைய முழுசா எழுதணும்னு எல்லா இடத்துலயும் அடிச்சு சொல்றாங்க. இன்சுலினை இன்சுலின் சிரிஞ்சுல மட்டும்தான் எடுக்கணும், சாதாரண சிரிஞ்சுல மில்லி கணக்குப் போட்டு எடுக்கவே கூடாது, 1 மில்லில 100 யூனிட் இருக்கு.

இங்க தென்னாப்பிரிக்காவுல இன்னொண்ணு. நம்ம ஊர்ல படிச்சவங்களுக்கு தசமத்துக்குப் புள்ளிதான், இங்க அரசாங்க முறைப்படி கமா. 37.5-ன்னு எழுதாம 37,5-ன்னு எழுதுவாங்க, சிலர் புள்ளி வைப்பாங்க, ஒரே சார்ட்டுல ரெண்டும் கிடக்கும். கார்பன் காப்பியில அந்த கமா மங்கிப் போச்சுன்னா 375. வந்த புதுசுல எனக்கு இது பெரிய தடுமாற்றம், 1,250-ன்னு பார்த்தா ஆயிரத்து இருநூத்தம்பதா, ஒண்ணே கால்தானான்னு நிக்கணும். பூஜ்யம் விஷயத்துலயும் அப்படித்தான், அரை மில்லிகிராம்னா முன்னாடி பூஜ்யம் கண்டிப்பா வேணும், அஞ்சு மில்லிகிராமுக்குப் பின்னாடி கமாவும் பூஜ்யமும் போடவே கூடாது, அது அம்பதா மாறிடும்.

கைக்குழந்தைக்கு இதை நிஜமா போட்டுப் பார்ப்போம். 5 கிலோ குழந்தை, டிரிப்ல பாராசிட்டமால், இந்த எடைக்கு கிலோவுக்கு 7,5 மில்லிகிராம், மொத்தம் 37,5 மில்லிகிராம். பாட்டில் 100 மில்லி, உள்ள 1000 மில்லிகிராம், அப்படின்னா 1 மில்லில 10 மில்லிகிராம், குழந்தைக்குப் போக வேண்டியது 3,75 மில்லி. இப்ப ராத்திரி மூணு மணி, சார்ட்டுல 37,5-ன்னு இருக்கு, அது மில்லிகிராமா மில்லியான்னு மூளை பிரிச்சுப் பார்க்கல, பம்புல 37,5 மில்லி போட்டாச்சு. பத்து மடங்கு. கல்லீரல் தாங்காது, அதுவும் உடனே தெரியாது, ரெண்டு நாள் கழிச்சுத்தான் காட்டும். வளர்ந்தவங்களுக்கு பத்து மடங்குன்னா பத்து பாட்டில் திறக்கணும், அங்கயே சந்தேகம் வந்துடும், குழந்தைக்கு பத்து மடங்கும் அதே ஒரு பாட்டிலுக்குள்ள அடங்கிடும், அதுதான் பயங்கரம். முழு பாட்டிலை குழந்தைக்கு மாட்டவே கூடாது, வேண்டிய அளவை மட்டும் சிரிஞ்சுல எடுத்துட்டு மீதிய அப்பவே கொட்டிடணும்.

இந்த இடத்துலதான் ரெண்டு பேர் செக் பண்றது வருது, இதைப் பத்தி எனக்கு ஒரு ஆத்திரமே இருக்கு. நாம பண்றது என்ன? "சிஸ்டர், 3,75 எடுத்திருக்கேன், சரியா பாருங்க"ன்னு சிரிஞ்சைக் காட்டுவோம், அவங்க ரோடு கடக்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்து சைன் போடுவாங்க. அது செக் இல்ல. விடைய சொல்லிட்டு கணக்கைக் கேட்டா எல்லாருக்கும் அதே விடைதான் வரும். ரெண்டாவது ஆளு சார்ட்டையும் பாட்டிலையும் மட்டும் கையில வாங்கி, நான் என்ன எடுத்தேன்னு பார்க்காம, தானா கணக்குப் போட்டு ஒரு நம்பர் சொல்லணும், அப்புறம் ரெண்டு நம்பரையும் பக்கத்துல வைக்கணும். இதை எல்லா மாத்திரைக்கும் செய்ய ஆளு கிடையாது, எல்லாத்துக்கும் செய்யச் சொன்னா கடைசியில எதுக்கும் உருப்படியா நடக்காது. இன்சுலின், ஹெபரின், பொட்டாசியம், மார்ஃபின், கீமோ, குழந்தைங்களோட டிரிப் மருந்து, இதுக்கு மட்டும் வச்சுக்கிட்டு ஒழுங்கா செய்யலாம். மார்ஃபின் மாதிரி ஷெட்யூல் 6 மருந்துக்கு, அதாவது கடுமையான கட்டுப்பாட்டுல இருக்கிற மருந்துக்கு, இங்க ரெஜிஸ்டர் இருக்கு, ரெண்டு கையெழுத்து இருக்கு, ஷிஃப்ட் மாறும்போது ஒவ்வொரு ஆம்பியூலும் எண்ணப்படும், ஆனா அந்த எண்ணிக்கை மருந்து திருடு போகாம காக்குது, டோஸ் தப்பாம காக்காது, ரெண்டும் வேற வேற.

அடுத்தது குறுக்கீடு. 2010-ல வந்த சிட்னி ஆய்வு, ரெண்டு ஆஸ்பத்திரி, 98 நர்ஸ், 4,271 தடவை மருந்து கொடுத்ததை பக்கத்துல நின்னே கவனிச்சாங்க. ஒவ்வொரு தடவை இடையில யாராவது கூப்பிட்டாலும் மருந்துத் தப்பு வர்ற வாய்ப்பு 12.7% கூடுது, குறுக்கீடே இல்லன்னா பெரிய தப்புக்கு 2.3% வாய்ப்பு, நாலு தடவை குறுக்கிட்டா 4.7%, அதாவது ரெட்டிப்பு. மருந்து கொடுக்கிறப்ப நாலு தடவைங்கிறது எங்களுக்கு ஒண்ணுமே இல்ல. போன் அடிக்கும், பெட்பேன் கேட்பாங்க, டாக்டர் ஃபைல் எங்கன்னுவாரு, விசிட்டிங் நேரத்துல வந்த மகன் "எங்கம்மாவுக்கு என்ன ஆச்சு"ன்னு டிராலி முன்னாடியே வந்து நிப்பாரு, அவரு மேலயும் தப்பு இல்ல, காலைல இருந்து யாரும் அவருக்கு ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. சில இடத்துல மருந்து கொடுக்கிற நர்ஸுக்கு "தொந்தரவு செய்யாதீங்க"ன்னு எழுதின சிவப்பு ஏப்ரன் போட்டு விடுறாங்க, ஏப்ரன் மட்டும் போதாதுன்னு நான் நெனைக்கிறேன், அந்த ஒரு மணி நேரத்துக்கு போனை எடுக்க, பெல்லுக்கு ஓட வேற ஒரு ஆளைப் பேர் சொல்லி நியமிச்சாத்தான் அது வேலை செய்யும். குறுக்கிட்டாங்கன்னா, விட்ட இடத்துல இருந்து தொடரக் கூடாது, அந்தப் பேஷண்டுக்கு முதல்ல இருந்தே ஆரம்பிக்கணும், இது நான் புதுசா வர்றவங்களுக்கு முதல் நாளே சொல்றது.

போன்ல டாக்டர் சொல்லி வாங்குற மருந்து ஆர்டருக்கும் ஒரு பழக்கம் வேணும். பிஃப்டீனும் பிஃப்டியும் ராத்திரியில ஒண்ணாத்தான் கேட்கும், ஆஃப்ரிகான்ஸ் தாய்மொழியா இருக்கிற டாக்டருக்கு அவங்க பாஷையில இருபத்தஞ்சை அஞ்சும் இருபதும்னு திருப்பிச் சொல்றதுதான் பழக்கம். எழுதிக்கிட்டு, எழுதினதைத் திருப்பிப் படிச்சு, "ஒண்ணு, அஞ்சு, பதினஞ்சு"ன்னு இலக்கம் இலக்கமா சொல்லி, அவங்க சரின்னப்புறம்தான் மருந்து அலமாரியத் திறக்கணும்.

மெஷின் வந்தா எல்லாம் தீரும்னு சிலர் நெனைக்கிறாங்க. பார்கோடு உதவும், அதுல சந்தேகம் இல்ல, 2010-ல பாஸ்டன் ஆஸ்பத்திரி ஒண்ணுல பார்த்தப்ப நேரத் தப்பைத் தவிர்த்த மத்த தப்பு 41% குறைஞ்சுது. ஆனா மெஷினும் மனுஷங்க வேலை செய்யற இடத்துலதான் நிக்குது. 2017 டிசம்பர்ல அமெரிக்காவுல டென்னசியில ஒரு நர்ஸ், ஸ்கேனுக்குப் பயந்த பேஷண்டுக்கு பதற்றத்தைக் குறைக்கிற மிடசோலம் எடுக்கப் போனாங்க, கம்ப்யூட்டர் அலமாரியில அதோட பிராண்டு பேரோட முதல் ரெண்டு எழுத்தைத் தட்டினாங்க, கிடைக்கல, மெஷினோட தடையைத் தாண்டுற ஓவர்ரைடு போட்டாங்க, அதே ரெண்டு எழுத்துல ஆரம்பிக்கிற வெக்குரோனியம் வந்துச்சு, உடம்பு முழுக்க தசைய முடக்கி மூச்சை நிறுத்துற மருந்து. மூடியிலேயே எச்சரிக்கை இருந்துச்சு. மிடசோலம் தண்ணியா வரும், இது பொடி, கலக்கணும், அதையும் கலக்கினாங்க. பேஷண்ட் இறந்துட்டாங்க. 2022-ல கிரிமினல் கோர்ட்டுல அந்த நர்ஸைக் குற்றவாளின்னு சொல்லி 3 வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்புல வச்சாங்க.

அவங்க பண்ணினது சின்ன தப்பு இல்ல, எத்தனையோ இடத்துல நின்னிருக்கலாம், நான் அதை மறைக்கல. ஆனா அந்தத் தீர்ப்பு வந்த வாரம் எங்க டீ ரூம்ல பேசினது வேற, "இனிமே தப்பு பண்ணினா சொல்லவே கூடாதுடி"ன்னு ஒரு அக்கா சொன்னாங்க. அதுதான் என்னைப் பயமுறுத்துது. இங்கயும் நர்ஸிங் கவுன்சிலோட விதியில மருந்து சரியா கொடுக்காம விட்டா ஒழுங்கு நடவடிக்கைன்னு இருக்கு, இருக்கட்டும், குடிச்சிட்டு வந்தவங்களுக்கும் வேணும்னே விட்டவங்களுக்கும் அது வேணும். ஆனா பேர் ஒத்துப் போனதால ஊசி கைமாறப் பார்த்தவளையும் அவங்களையும் ஒரே தராசுல வச்சா, நூலிழையில தப்பிச்ச சங்கதி ஒண்ணும் மேல போகாது, அப்புறம் அதே டிராயர், அதே லேபிள், அதே பேரு அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2017-ல மருந்தால வர்ற தவிர்க்கக்கூடிய பெரிய பாதிப்பை 5 வருஷத்துல பாதியாக் குறைக்கணும்னு இலக்கு வச்சப்ப, மருந்துத் தப்பால உலகத்துக்கு வருஷத்துக்கு 42 பில்லியன் டாலர் செலவுன்னு கணக்கு சொன்னாங்க. அந்தப் பணத்துல எவ்வளவோ நர்ஸை வேலைக்கு வைக்கலாம்.

வீட்டுக்காரங்களுக்கும் ஒண்ணு. அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரும்போது மாத்திரை டப்பா எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில போட்டுக் கொண்டு வாங்க, கிளினிக்ல கொடுத்தது, கெமிஸ்ட்ல வாங்கினது, வீட்டுல வச்சிருக்கிற, டச்சு மருந்துன்னு இங்க சொல்ற பழைய வீட்டு மருந்து, கஷாயம் எல்லாமே. ஒரே பிரஷர் மருந்து ரெண்டு கம்பெனி பேர்ல இருந்து, ரெண்டையும் சேர்த்துப் போட்டுக்கிட்டு மயங்கி விழுந்து வந்த தாத்தாவை நான் பார்த்திருக்கேன். "வெள்ளை மாத்திரை, சின்னது"ன்னு சொன்னா எங்களுக்கு ஒண்ணும் புரியாது. வார்டுல புதுசா ஒரு மாத்திரை தந்தா இது எதுக்குன்னு கேளுங்க, சிஸ்டர் கோச்சுக்குவாங்கன்னு பயப்படாதீங்க.

அந்த ராத்திரி நான் ஆயாகிட்ட மன்னிப்புக் கேட்டேன், சரியான ஆளுக்கு இன்சுலின் போட்டேன், அப்புறம் ஸ்டேஷன்ல உட்கார்ந்து ஃபார்ம் எழுதினேன், ஆபத்து நடக்கலை, நடக்கப் பார்த்துச்சுன்னு. கை நடுங்கிக்கிட்டுதான் எழுதினேன். மேட்ரன் காலைல கூப்பிட்டாங்க, திட்டு வாங்கத்தான்னு போனேன், "கட்டில் ரெண்டையும் யாரு பக்கத்துல பக்கத்துல போட்டது?"ன்னு கேட்டாங்க. அந்த வாரத்துல இருந்து எங்க வார்டுல ஒரே குடும்பப் பேரு ரெண்டு வந்தா சார்ட்டுலயும் கட்டில் தலைமாட்டுலயும் மஞ்சள் ஸ்டிக்கர், ரெண்டு பேரும் ஹாலோட ரெண்டு கோடியில. ஆயா டிஸ்சார்ஜ் ஆகுற வரைக்கும் ஒவ்வொரு மாத்திரைக்கும் நான் பேரும் பொறந்த தேதியும் கேட்டேன். மூணாவது நாள் அவங்களுக்கு அலுத்துப் போச்சு, நான் டிராலியத் தள்ளிக்கிட்டு வர்றதைப் பார்த்ததும், நான் வாய் திறக்கிறதுக்கு முன்னாடியே ஸ்வெட்டர் கைய மேல இழுத்துவிட்டு மணிக்கட்டை நீட்டிட்டாங்க.